கோப்பு நிறையச் சான்றிதழ், கை நடுங்கும் மாணவி

கேள்வி: பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். முடித்து நான்கு ஆண்டுகளாகத் திருச்செங்கோடு பக்கம் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியில் சீனியர் லெக்சரராக இருக்கிறேன். பல் அடைப்பது, வேர் சிகிச்சை செய்வது ஆகியவற்றைப் பார்க்கும் கன்சர்வேடிவ் துறை. ஈரோட்டிலிருந்து தினமும் கல்லூரிப் பஸ்ஸில் போய்வருகிறேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வேண்டும் என்று ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகளுக்கு எங்களை அனுப்புகிறார்கள். ஆன்லைனிலும் பல பயிற்சிகள் செய்துவிட்டேன். கோப்பு நிறையச் சான்றிதழ் இருக்கிறது. பாடம் நடத்தும் விதம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு நான் பக்கத்தில் போய் நின்றாலே கை நடுங்குகிறது. "திட்டினால்தான் வேலை நடக்கும்" என்கிறார் எங்கள் சீனியர். நான் பி.எச்டி. சேரலாமா, மருத்துவக் கல்வியில் ஃபெல்லோஷிப் செய்யலாமா? நாலு வயதில் குழந்தை இருக்கிறது, செலவும் யோசனையாக இருக்கிறது. நல்ல ஆசிரியர் ஆக நான் எங்கே தொடங்குவது?

— ஈரோட்டு வாசகி

பதில்:

அன்புள்ள அம்மணி,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மாணவியின் கைதான். பி.எச்டி.யா ஃபெல்லோஷிப்பா என்பதற்குப் பிறகு வருகிறேன். அந்தக் கையிலிருந்து தொடங்கினால் மற்றக் கேள்விகளுக்கும் வழி கிடைக்கும்.

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர பி.எட். போன்ற ஓர் ஆசிரியர் பயிற்சி வேண்டும். உயிருள்ள மனிதரின் வாயில் பல் குடையும் ஏரோட்டர் பிடிக்கச் சொல்லித்தர எம்.டி.எஸ். இருந்தால் போதும் என்று வைத்திருக்கிறோம். எம்.டி.எஸ். உங்களைத் தேர்ந்த மருத்துவராக்கியது. கற்றுத்தருவது வேறொரு தொழில், அதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆகவே பாடம் நடத்தும் விதம் மாறவில்லையே என்ற குறை உங்கள் திறமையைப் பற்றியது அல்ல. நீங்கள் போய்வந்த பயிற்சிகளின் அமைப்பே அப்படி.

ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவக் கல்விக்கு ஒரு பிரமிடு வரைந்து கொடுத்தார். அடியில் 'தெரியும்', அதன்மேல் 'எப்படிச் செய்வதென்று தெரியும்', அதற்கு மேல் 'செய்து காட்டுவார்', உச்சியில் 'அன்றாடம் செய்கிறார்'. மாணவர்களைச் சோதிக்க அதை நாம் எல்லோரும் பயன்படுத்துகிறோம். அதே பிரமிடை ஆசிரியர்மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் சான்றிதழ்கள் அத்தனையும் அடித்தளத்திலேயே நிற்கின்றன. ஒருநாள் பயிலரங்கு, காலையில் ஒரு சொற்பொழிவு, மதியம் ஒரு குழு விவாதம், மாலையில் குரூப் போட்டோ. நீங்கள் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதை யாராவது பக்கத்தில் நின்று பார்த்தார்களா? பார்த்துவிட்டு உங்களிடம் ஏதாவது சொன்னார்களா? அதுவரை மேல் இரண்டு தளங்களுக்கும் யாரும் வந்ததாக ஆகாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவோன் ஸ்டைனர்ட் தம் குழுவோடு 2006-இல் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். கையால் செய்து பழகுவது, பின்னூட்டம் கிடைப்பது, சக ஆசிரியர்களோடு சேர்ந்து கற்பது ஆகியவை இருந்த பயிற்சிகள் பலன் தந்தன என்பது அதில் தெரிந்த முக்கியமான விஷயம். நானும் ஆசிரியர் பயிற்சிகளை நடத்துகிறவன்தான். ஒரு நாளில் ஒருவருக்கு ஆசையை ஊட்டலாம். பழக்கத்தை மாற்ற ஒரு நாள் போதாது.

சான்றிதழ்களை இன்ஸ்பெக்ஷன் கோப்பில் பத்திரமாக வையுங்கள், அவற்றுக்கும் தேவை உண்டு. உங்கள் வளர்ச்சியை மட்டும் அந்தக் கோப்பில் தேடாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில், நோயாளியைத் தொடுமுன் மாதிரிப் பல்லில் பழகும் இரண்டாம் ஆண்டு ப்ரீ-கிளினிக்கல் லேப். மாணவர் டைபோடான்ட் என்னும் பிளாஸ்டிக் பல்லில் கிளாஸ் டூ கேவிட்டி, அதாவது பின்பல்லின் பக்கவாட்டில் அடைப்புக்கான குழி வெட்டிக்கொண்டிருக்கிறார். குழியின் பக்கவாட்டுப் பகுதியான பாக்ஸ் கோணலாகப் போகிறது. நாம் என்ன செய்கிறோம்? "இங்க கொடு" என்று பல் வெட்டும் கருவியான ஹேண்ட்பீஸை வாங்கி நாமே சரிசெய்து, "இப்படித்தான்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். பல் அழகாகிவிட்டது, மாணவரின் கை எதையும் கற்கவில்லை. தறி பழக வந்த பையனை எழுப்பிவிட்டு மாஸ்டரே நாளெல்லாம் நெய்தால் சேலைதான் வரும், நெசவாளி வரமாட்டான். அடுத்த ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு உறுதி எடுத்துக்கொள்ளுங்கள்: லேபில் மாணவர் கையிலிருந்து ஹேண்ட்பீஸை வாங்குவதில்லை. வாயால் சொல்லுங்கள், எக்ஸ்ப்ளோரர் முனையால் காட்டுங்கள், வேறொரு பல்லில் செய்து காட்டுங்கள். அவர் வெட்டும் பல்லை அவரே முடிக்கட்டும்.

செய்து காட்டுவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பெய்டன் 1998-இல் எழுதிய நான்கு படிகள் இன்றைக்கும் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கின்றன. முதலில் ஆசிரியர் வழக்கமான வேகத்தில், பேசாமல் செய்து காட்டுகிறார். அடுத்து மெதுவாக, ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டே செய்கிறார். மூன்றாவதில் மாணவர் "அடுத்து இதைச் செய்யணும் மேம்" என்று சொல்லச் சொல்ல ஆசிரியரின் கை செய்கிறது. நான்காவதில் மாணவர் தாமே சொல்லித் தாமே செய்கிறார். நம் கல்லூரிகளில் முதல் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே டெமோவாக்கி, நேராக நான்காவதுக்குத் தாவிவிடுகிறோம். பலன் முழுவதும் அந்த மூன்றாவது படியில் இருக்கிறது. மாணவர் தம் வாயால் வரிசை சொல்லும்போதுதான் எந்த இடத்தில் அவருக்குத் தெளிவில்லை என்று உங்களுக்குத் தெரியவரும், அதுவும் கருவியின் வெட்டும் முனையான பர் பல்லில் படுவதற்கு முன்பே. அறுபது பேர் இருக்கும் லேபில் எல்லோரோடும் மூன்றாவது படி செய்ய முடியாது என்பீர்கள். ஒரு டேபிளுக்கு ஒருவரைச் சொல்லவைத்து, மற்றவர்கள் திருத்தட்டும். அந்த டேபிளுக்கே அது போதும்.

அடுத்த விஷயத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், இதைப் பற்றி எந்தப் பயிலரங்கிலும் போதுமான அளவு பேசுவதில்லை. உங்கள் துறையில் ஸ்டெப் செக், அதாவது வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆசிரியரின் ஒப்புதல், யாரிடம் வாங்குவது என்று மாணவர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? கவனித்துப் பாருங்கள். ஒரு மேமிடம் வரிசை நீளமாக நிற்கும், இன்னொரு சாரிடம் யாரும் இருக்கமாட்டார்கள். யார் எதைக் கேட்பார், எதை விட்டுவிடுவார் என்பது சீனியர் மாணவர்கள் வழியாக ஜூனியர்களுக்குப் பரம்பரையாக வந்து சேர்ந்திருக்கும். ஒரே கேவிட்டிக்கு ஒருவர் எட்டு மார்க் போடுகிறார், இன்னொருவர் "திரும்ப வெட்டு" என்கிறார். உங்கள் மாணவியின் நடுக்கத்தில் பாதி இதனாலும் இருக்கலாம். நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியாது.

இதற்கு மருந்து உங்கள் துறைக்குள்ளேயே இருக்கிறது, காசும் ஆகாது. துறைத் தலைவரான எச்.ஓ.டி.யிடம் ஒரு சனிக்கிழமை மதியம் கேட்டு வாங்குங்கள். மாணவர்கள் வெட்டிய டைபோடான்ட் பற்கள் பத்தை எடுத்து, பெயரை மறைத்து, எண் போட்டு வையுங்கள். நீங்களும் சக ஆசிரியர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் பத்துக்கும் மார்க் போடுங்கள். பிறகு மூவர் மார்க்கையும் போர்டில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். எங்கே இடைவெளி பெரிதாக இருக்கிறதோ அங்கே நின்று பேசுங்கள். பெரும்பாலும் ஆழத்தில் தகராறு இருக்காது, அது அளக்கக்கூடியது. ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர், குழியின் தளமான பல்ப்பல் ஃப்ளோர் எனாமலுக்கு அடியிலுள்ள டென்டினுக்குள் லேசாக இறங்கியிருக்கவேண்டும். குழியின் குறுகலான இடமான இஸ்த்மஸின் அகலமும் அப்படியே, பல்லின் மேடுகளான கஸ்ப் முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் ஏறக்குறைய கால்பங்கு. தகராறு வருவது பக்கத்துப் பல்லில் பர் உரசிய கீறலுக்கு. ஒருவர் அரை மார்க் குறைத்திருப்பார், இன்னொருவர் ஃபெயில் போட்டிருப்பார். டைபோடான்ட்டில் அது பிளாஸ்டிக் கீறல்தான். நோயாளியின் வாயில் அது நல்ல பல்லுக்குச் செய்த சேதம், பின்னால் சொத்தை பிடிக்கும் இடம். நான் ஃபெயில் போடுகிற கட்சி. நீங்கள் மூவரும் பேசி என்ன முடிவுக்கு வந்தாலும், அந்த முடிவு மூவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதை ஒரு பக்கத்தில் எழுதி லேப் சுவரில் ஒட்டிவிடுங்கள், மாணவர் தாமே முதலில் தமக்கு மார்க் போட்டுக்கொண்டு பிறகு உங்களிடம் வரட்டும்.

இரண்டு வாரம் கழித்து அதே பத்துப் பற்களுக்கு, பழைய மார்க்கைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். பிறரோடு ஒத்துப்போகிறோமா என்பதை முதல் தடவை காட்டியது. நம்மோடு நாமே ஒத்துப்போகிறோமா என்பதை இது காட்டும். எண்ணாக வேண்டுமென்றால் ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்த கப்பா என்ற ஒத்துப்போதல் அளவு இருக்கிறது. பல் நோய்க் கணக்கெடுப்புக்குப் போகுமுன் பரிசோதகர்களுக்கு நம் பப்ளிக் ஹெல்த் டென்டிஸ்ட்ரிகாரர்கள் செய்வது இதைத்தான். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டால் கணக்குப் போட்டே கொடுத்துவிடுவார். கிராமத்துக் குழந்தைகளின் சொத்தையை எண்ண இவ்வளவு கவனம் எடுக்கும் நாம், ஒரு மாணவரின் பாஸ் ஃபெயிலுக்கும் அதே கவனத்தை எடுக்கவேண்டும்.

இனி கிளினிக். ஓ.பி.யில் உங்களுக்கு ஒரு கேஸுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்கென்றே 1992-இல் நெஹெரும் சக மருத்துவர்களும் ஒரு முறை எழுதினார்கள், 'ஒரு நிமிட ஆசிரியர்' என்று பொருள்படும் பெயரில் அது இன்று அறியப்படுகிறது. மாணவரை ஒரு முடிவு சொல்லவைப்பது, காரணம் கேட்பது, ஒரு பொதுவிதி சொல்லித்தருவது, சரியாகச் செய்ததைச் சொல்வது, தவறைத் திருத்துவது என்று ஐந்தே அசைவுகள்.

நம் ஊர் ஓ.பி.யிலேயே வைத்துப் பார்ப்போம். ஓமலூர் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு அம்மா வருகிறார். "வெளக்கி வெளக்கிப் பாக்கறானுங்க, மஞ்சக் கறை போவ மாட்டேங்குதுங்க" என்கிறார். மாணவி கேஸ் ஷீட்டை நீட்டி, "ஸ்டெயின்ஸ் மேம், ஸ்கேலிங் பண்ணிடலாம்" என்கிறாள். "ஸ்கேலிங்ல இது போகாதும்மா, ஃப்ளோரோசிஸ்" என்று நீங்கள் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது, பாடமும் போயிற்று. மாறாக, "சரி, ஸ்டெயின்னு சொல்றீங்க. எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். நிறத்தை வைத்துச் சொன்னேன் என்பாள். "இடது பக்கப் பல்லையும் வலது பக்கப் பல்லையும் ஒப்பிட்டுப் பாத்தீங்களா?" பார்க்கிறாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறுக்குக் கோடுகள். "சின்னப்பிள்ளையா இருக்கும்போது எந்தத் தண்ணி குடிச்சான்னு அம்மாகிட்ட கேளுங்க." போர் தண்ணி என்று பதில் வருகிறது. இப்போது பொதுவிதி ஒன்று, ஒன்றே ஒன்று: நிரந்தரப் பற்களின் எனாமல் உருவாவது பெரும்பாலும் பிறந்ததிலிருந்து ஏழெட்டு வயதுக்குள். அந்தக் காலத்தில் குடித்த தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்தால் கறை எனாமலுக்கு உள்ளேயே இருக்கும், ஸ்கேலர் அதைத் தொடாது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் அதிகபட்சம் ஒன்றரை. சேலம், தர்மபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் அதற்கும் மேல் இருக்கிறது. பிறகு, "அம்மாகிட்ட நல்லாப் பேசினீங்க. அடுத்த தடவை ட்ரீட்மென்ட் பிளான் எழுதறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பாத்துடுங்க." முடிந்தது. அந்த மாணவி இனி வாழ்நாளில் ஃப்ளோரோசிஸைத் தவறவிடமாட்டாள், அவளை யாரும் திட்டவும் இல்லை.

திட்டுவது பற்றி உங்கள் சீனியர் சொன்னதில் ஒரு பாதி உண்மை, திட்டினால் அன்றைக்கு வேலை நடக்கும். ஆனால் பயந்த மாணவர் தவறை மறைக்கப் பழகுகிறார். பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பல்ப் திறந்துவிட்டது என்று உங்களிடம் ஓடிவந்து சொல்லவேண்டியவர், லைனர் என்ற பூச்சை வைத்து மூடிவிட்டு சும்மா இருப்பார். அந்த நோயாளிக்கு ராத்திரி வலி வரும். இது நோயாளியின் பாதுகாப்புக்கே ஆபத்து, இதில் எனக்குச் சமரசம் கிடையாது. அதிலும் நோயாளி நாற்காலியில் இருக்கும்போது திட்டவே கூடாது. பள்ளிபாளையத்திலிருந்து அரைநாள் கூலியை விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறி வந்திருப்பார் ஒரு தறிக்காரர். தம் பல்லில் கை வைத்திருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆசிரியரே சொல்லிக் கேட்டால், அடுத்த சிட்டிங்குக்கு அவர் ஏன் வரவேண்டும்? வராமல் போனால் மாணவி கணக்குக்கு முடிக்கவேண்டிய கேஸ்களில், அதாவது கோட்டாவில், ஒன்றும் போகிறது. சொல்லவேண்டியதைத் தனியே, அன்றைக்கே, அந்த வேலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மாணவி எந்தப் பள்ளியிலிருந்து வந்தவள் என்று நீங்கள் எழுதவில்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தபின், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்த பிள்ளைகள் நம் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். அது இந்த மண்ணுக்கு நல்லது. அவர்களில் பலருக்கு விடை தெரியும், ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டுவதற்குள் வைவா முடிந்துவிடும். முதலில் தமிழில் காரணம் சொல்லச் சொல்லுங்கள். காரணம் சரியென்றால் அதையே ஆங்கிலத்தில் சொல்லவையுங்கள், தேர்வுக்கு அது வேண்டும். நோயாளியிடம் பேசப்போவது எப்படியும் தமிழில்தான், அந்த இடத்தில் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களுக்குச் சொல்லித்தரலாம்.

இவையெல்லாம் நடக்கின்றனவா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவர் வந்து பார்க்கவேண்டும். வேறு துறையில் உங்களுக்கு நம்பிக்கையான தோழி ஒருவரை, ஈறு சிகிச்சைத் துறையான பெரியோவிலிருந்தோ குழந்தைப் பல் துறையான பீடோவிலிருந்தோ, உங்கள் கிளினிக்கில் அரைமணி நேரம் நிற்கச் சொல்லுங்கள். பொதுவாகப் பார்க்கச் சொல்லாமல், ஒரு கேள்வியைக் கையில் கொடுங்கள்: "நான் கேள்வி கேட்டபிறகு பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன்?" பெரும்பாலானோர் ஒரு மூச்சு விடுமுன் தாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். பிறகு நீங்கள் அவர் கிளினிக்குக்குப் போய் நில்லுங்கள். அதிகாரி யாரும் இதில் வேண்டாம், அறிக்கையும் வேண்டாம். போஸ்டிங் முடியும் நாளில் மாணவர்களிடம் பெயரில்லாத துண்டுச்சீட்டில் இரண்டு கேள்வி: எது உதவியது, எதை நான் மாற்றவேண்டும். அந்த வாரமே ஒன்றையாவது மாற்றி, மாற்றியதைச் சொல்லியும் விடுங்கள், அடுத்த சீட்டுகள் மனம் திறந்து வரும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. உங்கள் துறையில் ஒரு ஆராய்ச்சிக் கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் பி.எச்டி. செய்யுங்கள். நல்ல ஆசிரியராக வேண்டும் என்பதற்காக அதில் சேர வேண்டாம், அது அதற்கான படிப்பு அல்ல. ஃபெல்லோஷிப் உங்களுக்குப் பொருந்தும், ஆனால் உடனே இல்லை. ஓராண்டு மேலே சொன்னவற்றைச் செய்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு வெகு தொலைவும் வேண்டாம். கோவை பி.எஸ்.ஜி.யில் 2007-இல் தொடங்கிய, மருத்துவக் கல்வியில் ஃபெல்லோஷிப் தரும் ஃபெய்மர் மண்டல நிறுவனம் இந்தியாவில் இவ்வகையில் முதலில் வந்த மூன்றில் ஒன்று. மும்பையும் லூதியானாவும் மற்ற இரண்டு. வேலையை விடாமல் செய்யும் இரண்டாண்டுப் படிப்பு அது. சில நாட்கள் நேரில், மற்றது உங்கள் கல்லூரியிலிருந்தபடி, நடுவில் உங்கள் கல்லூரியிலேயே ஒரு கல்வி மாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்யவேண்டும். கையில் ஒரு கேள்வியோடு போகிறவருக்கு அது பெரிய வரம். உங்கள் சனிக்கிழமைப் பற்கள் பத்தும் அந்தக் கேள்வியாகலாம். கட்டணத்தையும் நேரில் இருக்கவேண்டிய நாட்களையும் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நாட்களுக்கு ஆன்-டியூட்டி தருவதாகக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் நிர்வாகம் மாறினால் மாறிவிடும். வீட்டிலும் தேதிகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு அந்த மரியாதையைச் செய்யவேண்டும்.

அதுவரை செலவில்லாத வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவக் கல்விப் பிரிவு இருக்கவேண்டும் என்பது விதி, அங்கே அடிப்படைப் பயிற்சி பதவி உயர்வுக்கே நிபந்தனை. பல் மருத்துவத்தில் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. விதிகள் நம் பக்கமும் வரும் என்று காத்திருக்க வேண்டாம். பெருந்துறை, சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிகள் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அங்குள்ள கல்விப் பிரிவுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் நடத்தும் ஆஸ்கி தேர்வு ஒன்றைப் பார்வையாளராக இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ரொனால்ட் ஹார்டன் 1975-இல் டண்டீயில் தொடங்கிய அந்த நிலையம் நிலையமாகச் சுற்றும் தேர்வைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு காலை நேரம் மூலையில் உட்கார்ந்து பார்ப்பது உங்களுக்கு அதிகம் சொல்லித்தரும்.

ஒரு எச்சரிக்கை. மார்க் ஒப்பீட்டையோ மாணவர் சீட்டுகளையோ பின்னால் கட்டுரையாக்கும் எண்ணம் இருந்தால், தொடங்குமுன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகள், ஆசிரியருக்குக் கீழே இருக்கும் மாணவர்களைப் பாதுகாப்புத் தேவைப்படுபவர்களாகவே பார்க்கின்றன. 'வேண்டாம்' என்று உங்களிடம் சொல்ல அவர்களால் முடியாது என்பதுதான் காரணம்.

சீனியர் என்ன நினைப்பார் என்று தயங்குவீர்கள். அவரைத் திருத்தப் போகாதீர்கள். சனிக்கிழமை மார்க் போடும் மூவரில் ஒருவராக அவரையே அழையுங்கள். "சார், உங்க கண்ணுக்குத் தெரியறது எங்களுக்குத் தெரியலைங்க, நீங்க எதை வச்சு மார்க் போடறீங்கன்னு கத்துக்கணும்" என்று கேளுங்கள். அது உண்மையும்கூட, பல ஆண்டு பல் பார்த்த கண் அது. அந்த முதல் சனிக்கிழமைக்குப் பிறகு மூன்று பேர் மார்க்கும் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்ததை அதிலிருந்து பேசுவோம்.